வலிக்கடத்தி

நாற்பத்தொன்றாவது கொண்டை ஊசி வளைவில் யாழிசை பாட ஆரம்பித்தாள்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைச் சாலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்து ஏறி வருகிறவள் செய்கிற காரியமா அது? மூச்சு இரைத்தது, வியர்வை கொட்டியது, தொடைத் தசைகள் துடிப்பது தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது. ஆனால் அவளுக்கு வலிக்கவில்லை. இரைப்புக்கு இடையிடையே ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஜாலியாக மிதித்தாள்.

அவளுக்கு இருபது மீட்டர் பின்னால் ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இரண்டு பேருடைய வலி.

வலிக்கடத்தி வந்த பிறகு மலைப் பந்தயம் இப்படித்தான் ஆகிவிட்டது. பிடரியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, விரல் அகலம்தான். களைப்பு தசையிலேயேதான் இருக்கும். அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ‘போதும், நிறுத்து’ என்று தசை மூளைக்கு அனுப்புகிற சேதியைப் பட்டை வழிமறித்து, அதே மாதிரிப் பட்டை கட்டிய இன்னொருவரின் மூளைக்குத் திருப்பிவிடும். அந்த இன்னொருவருக்கு ‘சுமைதாங்கி’ என்று பெயர் வைத்தார்கள். அணித் தலைவி வலியே தெரியாமல் மலை ஏறுவாள். சுமைதாங்கி தன் வலியோடு தலைவியின் வலியையும் வாங்கிக்கொண்டு பின்னால் வருவாள். ஒரே ஒரு நிபந்தனை: இருவருக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் இணைப்பு அறுந்துவிடும். அவரவர் வலி அவரவருக்கு.

ஆகவே எதிரணித் தலைவியை யாரும் துரத்துவதில்லை. அது வீண் வேலை. எதிரணிச் சுமைதாங்கியைக் கழற்றிவிடுவதுதான் இப்போதைய வித்தை.

நான்கு நாள் பந்தயத்தின் கடைசி நாள் இது. நெய்தல் அணியின் யாழிசை, நாட்களைக் கூட்டிய மொத்த நேரத்தில் சஹ்யன் அணியின் அனகாவைவிடப் பத்தொன்பதே விநாடி முன்னால் இருந்தாள். இன்றும் ஜெயித்தால் தொடர்ந்து மூன்றாவது கோப்பை. ஜெசிந்தாவுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மூன்று வருடமாகப் பயிற்சியாளர் மதிவாணன் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் ஒரே வசனத்தைச் சொல்லிவந்தார்: “இந்த ஒரு தடவை தாங்கு ஜெசி. அடுத்த வருஷம் நீ உனக்காக ஓட்டலாம்.” ஜெசிந்தாவுக்கு வயது முப்பது ஆகப்போகிறது. தனக்காக ஒரே ஒரு மலையாவது ஏற வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அவர் வசனத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

காதுக்குள் மதிவாணன் குரல் வந்தது. அவர் பின்னால் அணி வண்டியில் இருந்தார்.

“ஜெசி, நல்லாக் கேளு. அறுபதாவது வளைவுதான் இருக்கிறதுலயே குறுகல். அங்க நம்ம பொண்ணுங்க மூணு பேரும் ரோட்ட அடைச்சு வரிசையா மெதுவாப் போவாங்க. அனகாவோட சுமைதாங்கி லிஜி பின்னால மாட்டிக்குவா. நீ அதுக்கு முன்னாடியே புகுந்து யாழிசையோட ஒட்டிக்க. புரியுதா?”

“புரியுது சார். அவள மட்டும் அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க. அவ தொடை ரெண்டும் எரியுது. எனக்குல்லா தெரியுது!”

“அவ ஜம்முன்னு இருக்கேங்கிறாளே?”

“இருப்பா, ஏன் இருக்க மாட்டா?”

ஐம்பத்தெட்டாவது வளைவிலேயே யாழிசை பாய்ந்துவிட்டாள். வலியே தெரியாதவளுக்கு எப்போது பொறுக்க வேண்டும், எப்போது பாய வேண்டும் என்று எப்படித் தெரியும்? சும்மா மிதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது, மிதித்தாள். அனகாவும் சளைத்தவள் அல்ல, அவளுக்கும் வலி இல்லை. மற்ற இரண்டு அணிகளின் தலைவிகளும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு பேரும் மலைச் சாலையில் சிரித்துப் பேசாத குறையாகப் பறந்தார்கள். நான்கு சுமைதாங்கிகளும் பின்னால் ஒரே நேரத்தில் ‘ஐயோ’ என்று முனகினார்கள்.

ஜெசிந்தா எழுந்து நின்று மிதித்தாள். அறுபதாவது வளைவில் திரும்பியவள் திகைத்துப்போனாள். தலைவிகளை முன்னால் விட்டுவிட்டு, நெய்தல் அணிப் பெண்கள் மூன்று பேர் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தார்கள். சரி, அது திட்டம். அவர்களோடு தோள் உரசிக்கொண்டு சஹ்யன் அணிப் பெண்கள் மூன்று பேரும் ஊர்ந்தார்கள்! சஹ்யன் அணியின் பயிற்சியாளரும் குறுகலான வளைவைத் தேடி அதே அறுபதைத்தான் பிடித்திருந்தார். நான்கு அணிச் சுமைதாங்கிகளும் அந்த மதிலுக்குப் பின்னால்.

“ஜெசி, எங்க இருக்க? தூரம் எழுபது மீட்டர் காட்டுது! போ, போ!”

“எங்க சார் போவ? முன்னால ஆறு பேரு மதிலு கணக்கா நிக்காளுவ! அதுல மூணு பேரு நம்மாளு!”

“கத்து! வழி விடச் சொல்லு!”

“கத்திட்டுதான் சார் இருக்கேன்!”

கத்தினால் யார் விடுவார்கள்? நெய்தல்காரிகள் விலகினால் லிஜி போய்விடுவாள். சஹ்யன்காரிகள் விலகினால் ஜெசிந்தா போய்விடுவாள். ஆறு பேரும் பயிற்சியாளர் சொல்லைத் தட்டாத நல்ல பிள்ளைகள். எண்பது மீட்டர். தொண்ணூறு. மதிவாணன் என்னவோ அலறினார்.

நூறு.

பிடரியில் பட்டை ஒரு முறை அதிர்ந்து அடங்கியது.

ஜெசிந்தாவுக்கு முதலில் என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். இருந்தது. வலித்தது, வலிக்காமல் இல்லை. ஆனால் இவ்வளவுதானா? மூன்று வருடமாக மலையேற்றம் என்றால் எரிகிற நான்கு தொடைகள், கிழிகிற இரண்டு நெஞ்சுகள் என்றே அவள் பழகியிருந்தாள். தலையிலிருந்து நீர்க்குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தன்னந்தனி உடம்பு ஒன்றின் வலி இத்தனை சின்னதா? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வளைவின் உள்பக்கம், மழைநீர்க் கால்வாயின் சிமெண்ட் விளிம்பு ஒரு சாண் அகலம் இருந்தது. இரண்டு பேர் வலியோடு யாரும் அதில் சைக்கிளை ஏற்ற நினைக்க மாட்டார்கள். ஜெசிந்தா ஏற்றினாள். விளிம்பின் மேல் பத்தடி ஓடி, மதிலைத் தாண்டிச் சாலையில் குதித்தாள். பின்னாலேயே லிஜி. அவளுக்குப் பின்னால் மற்ற இருவர்.

அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. காற்று காதில் விசிலடித்தது. சுமைதாங்கிகள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, நம்ப முடியாமல், இன்னும் வேகமாக மிதித்தார்கள்.

அறுபத்தாறாவது வளைவில் சாலையோரம் ஒரே கூட்டம். நான்கு தலைவிகளும் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அனகா தொடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பந்தய மருத்துவர் யாழிசையின் காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலும்பு ஒடஞ்சிருச்சு டாக்டர்! நல்லாப் பாருங்க!”

“ஒண்ணும் ஒடையலம்மா. கால் வலி. மலை ஏறினா வரும்.”

படமெடுக்கும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அந்த அழுகையைப் படம்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றன.

மதிவாணனின் குரலில் உயிர் திரும்பியது. “ஜெசி! கிட்ட வந்துட்ட! அவகிட்ட நில்லு, பட்டை தானா இணைஞ்சிரும். அவ வலிய வாங்கிக்க. இன்னும் நாலே வளைவு. கோப்பை நம்மளுதுதான்!”

யாழிசை தலையை நிமிர்த்திப் பார்த்தாள். “அக்கா! சீக்கிரம் வாக்கா! தாங்க முடியலக்கா!”

பிடரியில் பட்டை மெல்ல அதிர ஆரம்பித்தது. இணைப்பைத் தேடியது. ஜெசிந்தாவின் தொடையில் இன்னொருத்தியின் எரிச்சல் லேசாக எட்டிப் பார்த்தது. பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. மூன்று வருடம் ஒருத்தியின் வலியைச் சுமந்தால் பாசம் வராமல் போகுமா?

“அடுத்த வருஷம் நீ உனக்காக ஓட்டலாம், ஜெசி! சத்தியமா!” என்றார் மதிவாணன்.

அந்த வசனத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நின்றிருப்பாள். ஜெசிந்தா ஒரு கையால் பிடரிப் பட்டையைப் பிய்த்து எடுத்து, பத்திரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாழிசையைத் தாண்டிப் போனாள்.

“இந்த வருஷமே ஓட்டுதேன் சார்!”

கடைசி நான்கு வளைவுகளை யாரும் படம்பிடிக்கவில்லை. சோளக்காட்டில் முடிவுக் கோட்டருகே நின்ற சனம் மட்டும்தான் பார்த்தது. இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே, கெட்ட வார்த்தையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே, தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தார்கள். ஜெசிந்தா அரைச் சக்கரம் முன்னால். லிஜி இரண்டாவது. வர்ணனையாளருக்கு இருவர் பெயரும் தெரியாததால் பட்டியலைப் புரட்டினார். அப்போதுதான் எல்லோருக்கும் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. முதல் மூன்று நாளும் தலைவிக்குப் பின்னால் நூறு மீட்டருக்குள்ளேயே வந்தவள், மொத்த நேரத்தில் தலைவியைவிட ஒரு நிமிடம்கூடப் பின்தங்கியிருக்கவில்லை. இரண்டு பேர் வலியோடு! இப்போது கோப்பையே அவளுக்குத்தான்.

நாற்பது நிமிடம் கழித்து யாழிசை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். அணிக் கூடாரத்தில் ஜெசிந்தாவின் பக்கத்தில் பொத்தென்று விழுந்தாள்.

“தினமும் இப்படியாக்கா வலிச்சுது உனக்கு?”

“இல்ல பிள்ள. இது பாதி.”

அதற்குள் மதிவாணன் வாயெல்லாம் பல்லாக வந்தார். தோற்ற ஆளா ஜெயித்த ஆளா என்று அவருக்கே குழப்பம். ஜெயித்த ஆள் என்று முடிவு செய்திருந்தார்.

“ஜெசி, இனிமே நீதான் தலைவி! நல்ல சுமைதாங்கியா உனக்கு நானே பாத்து வைக்கிறேன். நீ பாட்டுப் பாடிட்டே மலை ஏறலாம்!”

“நான் இருக்கேன் சார்!” யாழிசை படுத்தவாக்கிலேயே கையைத் தூக்கினாள். “அக்கா வலிய நான் சுமக்கிறேன்.”

மதிவாணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா ஜெசி, என்ன மனசு!”

ஜெசிந்தா யாழிசையின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அதில் தியாகம் ஒன்றும் இல்லை. மலை ஏறும்போது எந்த இடத்தில் பாய வேண்டும் என்று கணக்குப் போடுகிற முகம் அது.

“என் வலிய வாங்கி வாங்கி உரமேறி, மூணு வருஷம் கழிச்சு நீ என்னத் தாண்டிப் போவ, நான் ரோட்டோரத்துல உக்காந்து அழணும். அதான?”

பக்கத்துக் கூடாரத்தில் லிஜியும் அனகாவும் இதே விஷயத்துக்குச் சண்டை போடுவது துணிச்சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

“தர மாட்டேன். ஒரு சுளுக்கு வலிகூடத் தர மாட்டேன்” என்றாள் ஜெசிந்தா. சட்டைப் பையிலிருந்த பட்டையை எடுத்து மதிவாணன் கையில் வைத்தாள்.

யாழிசை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

“முழுசா வேணாம்க்கா. பாதியாவது குடுக்கா.”