வெளுக்காத சால்வை

கதவைத் தட்டாமலே துப்பறிவாளர் வீட்டுக்குள் வந்தார் பூனைக்காரம்மா. தெருவே அவரை அப்படித்தான் அழைக்கும். கைவிடப்பட்ட குட்டிகளுக்கெல்லாம் அவர் வீடுதான் புகலிடம்.

“நாலு குட்டில மூணு போயிடுச்சு, சார். தொத்துநோய்னு டாக்டர் சொல்லிட்டார். தினமும் பிளீச்சிங் போட்டுக் கழுவுற வீட்ல அது எப்படி வரும்? கழுவுறது என் தம்பி. மருந்துக்குப் பதிலா வெறும் தண்ணியை ஊத்தி ஏமாத்துறான். நீங்க ஆதாரத்தை மட்டும் கொடுங்க, இன்னிக்கே அவனை வீட்டை விட்டு அனுப்பிடறேன்.”

சொல்லிவிட்டுக் கருஞ்சிவப்புக் கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். அவருடைய மைத்துனர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். வழக்கு என்றால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

பூனைக்காரம்மா வீட்டில் அவர் தம்பி கூண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலில் சோப்பு, பிறகு பிளீச்சிங் மருந்து.

“உடனே துடைக்கலையே?” என்றார் துப்பறிவாளர்.

“கொஞ்ச நேரம் ஊறணும் சார். அப்பதான் கிருமி சாகும். இதை அக்காகிட்ட சொல்லலாம்னா முகம் கொடுத்தே பேச மாட்டேங்குறாங்க.”

அவன் கால்சட்டை முழுக்க வெள்ளைத் திட்டுகள். திரைச்சீலையின் அடிப்பகுதி, மிதியடி, நாற்காலி உறை என்று வீட்டுத் துணிகளுக்கெல்லாம் அம்மை போட்டது போலிருந்தது.

மைத்துனர் துப்பறிவாளரின் காதருகே வந்தார். “மாமா, ஆள் மாட்டிக்கிட்டான்! மருந்து கேன்ல பாதிதான் இருக்கு. மீதியை வித்துட்டான்.”

“கொஞ்சம் வாயை மூடிட்டு அந்தத் திரையைப் பாருங்க, மச்சான்.”

மிஞ்சியிருந்த குட்டி கத்தியது. பூனைக்காரம்மா ஓடிப்போய் அதை எடுத்துச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டார். “செத்துப்போன மூணும் கடைசி வரைக்கும் இப்படித்தான் என் மடியில கிடந்துச்சு” என்றார். கண் கலங்கியது.

துப்பறிவாளர் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

“வெறும் தண்ணி பட்டா சாயம் போகாதும்மா. திரை, மிதியடி, உங்க தம்பி கால்சட்டை எல்லாமே வெளுத்திருக்கு. அவர் ஏமாத்தலை.”

“அப்போ நோய் எப்படி வந்துச்சு?”

“முதல் குட்டி வெளியிலேருந்து வாங்கிட்டு வந்திருக்கும். அடுத்ததுங்களுக்கு எப்படிப் போச்சுங்கிறதுதான் கேள்வி. இந்தக் கிருமி துணியில மாசக்கணக்கா உயிரோட இருக்கும். மருந்து படாத துணி இந்த வீட்ல ஒண்ணே ஒண்ணுதான்.”

எல்லோர் பார்வையும் சால்வைமேல் விழுந்தது. அதில் ஒரு திட்டுகூட இல்லை.

“இதை நான் துவைக்கிறதே இல்லை” என்றார் அவர், குரல் இறங்கிப்போய். “என் முதல் பூனை இதுமேலதான் தூங்கும். துவைச்சா அதோட வாசனை போயிடுமேன்னு...” நிமிர்ந்து பார்த்தார். “அப்போ நான்தானா?”

துப்பறிவாளர் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார். தான் கண்டுபிடித்த விடை அவருக்கே பிடிக்கவில்லை. மைத்துனர் தரையைப் பார்த்தார்.

தம்பி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துவைத்த துண்டு ஒன்றை விரித்து நீட்டினான். குட்டி சால்வையை விடவில்லை. கம்பளியில் மாட்டியிருந்த அதன் நகங்களை ஒவ்வொன்றாக விடுவித்தவர் பூனைக்காரம்மாதான்.

“டாக்டரைக் கூப்பிடுடா, தம்பி” என்றார். “காலையிலேருந்து இதுவும் சாப்பிடலை.”