இன்னொரு ஸ்லைடு

"ஒரு தடவை கண்ணைச் சுரண்டினது பத்தாதா? உங்களுக்குப் பார்க்கத் தெரியலைன்னா என் கண்ணுதான் கிடைச்சுதா?"

தில்லை நகர் கண் ஆஸ்பத்திரியின் லேப் வாசலில் ரெங்கராஜ் கத்தினான். ஜீயபுரத்தில் வாழைத்தார் வெட்டும்போது சருகு கிழித்த கண்... செக்கச்செவேலென்று நீர் வழிய மூடிக்கிடந்தது. அத்தனை கோபமும் மற்ற கண்ணில்! ஆனாலும் என்ன கண்ணுடா சாமி அது... லேப் டெக்னீஷியன் இளவேனிலுக்கு ஒரு நொடி தோன்றித் தொலைத்தது.

"ஸ்லைடுல பூஞ்சை தெரியலை. அதனால இல்லைன்னு ஆயிடாதுங்க. கண்ணுல சுரண்டி எடுத்தது ரொம்பக் கொஞ்சம். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், இன்னொரு தடவை எடுப்பாங்க."

"ஒண்ணும் வேணாம். மருந்துக்கடையில குடுத்த இந்தச் சொட்டே போதும்!"

அவன் காட்டிய பாட்டிலின் லேபிளைப் படித்தாள். ஐயோ, ஸ்டீராய்டு! பூஞ்சை இருந்தால் அதைச் சோறு போட்டு வளர்க்கிற மருந்தாயிற்றே... பார்வையே போய்விடுமே!

அவன் போய்விட்டான். போகட்டும், திமிர் பிடித்த மனுஷன்... மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. கொட்டுகிற மழையில் ஓடினாள். அவன் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தான்.

"திட்டணும்னா உள்ள வந்து திட்டுங்க... அந்தச் சொட்டை விட்டா கண்ணு போயிடும்ங்க!"

தொப்பலாக நின்றவளைப் பார்த்தான். வைத்த காலை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

இரண்டாவது ஸ்லைடு. மைக்ரோஸ்கோப்பை மெல்லத் திருகினாள். ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... ஓரத்தில், கிளைவிட்ட மெல்லிய இழைகள்!

"இருக்கு!" என்று துள்ளினாள். அவன் கண்ணிலா இருக்கிறது என்று உடனே அழுகை வந்தது.

சரியான மருந்து தொடங்கியது. ஒவ்வொரு செக்கப்புக்கும் லேப்பை எட்டிப் பார்த்தான். "திட்ட வந்தேன்," என்பான். "டோக்கன் எடுத்துட்டு வாங்க," என்பாள். கருவிழியில் பூஞ்சை படரவிட்ட வெள்ளைத் திட்டு மட்டும் மெதுவாகத்தான் கரைந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் பேசாமல் வந்து நின்றான். நல்ல கண்ணைக் கையால் பொத்தினான்.

"எ... என்ன தெரியுது?"

"வெள்ளைக் கோட்டு... சின்னப் பொட்டு... நீங்க அழறது."

"நான் ஒண்ணும் அழலை."

"இந்தக் கண்ணாலயும் உங்களைப் பார்த்துடணும்னுதான் ஒரு வேளை விடாம சொட்டு விட்டேன். பார்த்துட்டேன். ஆனா..." குரல் தழைந்தது. "ஒரு தடவை பத்தாதுங்க, இளவேனில்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காட்டூர்லதான் வீடு... ஞாயித்துக்கிழமை அப்பா இருப்பாரு. வந்து கேளுங்க."