இஞ்சின் எண்ணை நம்பியவள்

பதினான்காம் கட்டத்தில் ஒரு நிழல் கிடந்தது. போன வருடம் அது அங்கே இல்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்தவள் இல்லை. எல்லோருடைய அறிக்கையிலும் பிழை பிடிப்பாள் என்பதால் முக்குளிப்பவர்கள் வைத்த பெயர் அது. போரில் திரும்பி வராமல் போன விமானங்களின் பதிவேடுகளைப் படித்து, கடலடியில் கிடப்பது எந்த விமானம், அதில் இருந்தது யார் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. துறைமுகக் கிடங்கின் மாடியில், ஈரக் கயிறும் டீசலும் மணக்கும் அறை. கூரை வரை கோப்புகள். கீழே தூண்களில் தண்ணீர் வந்து வந்து மோதும் சத்தம். படகுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சோனார் கருவி ஒலியை அனுப்பிக் கடலடியைப் படமாக்கித் தரும். அந்தப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கடலடியில் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது வெளிச்சமாகத் தெரியும், அதற்குப் பின்னால் படகுக்கு எதிர்ப்பக்கமாகக் கறுப்பு நிழல் விழும். இங்கே நிழல் மட்டும் இருந்தது. மெலிந்து, கூன் விழுந்த நிழல். அதற்குரிய பொருளைக் காணவில்லை.

"ஏதாவது மீனா இருக்கும் டீச்சர்," என்றார் முக்குளிப்பவர்களின் தலைவர். ஊருக்கே அவர் மீசை. "இல்லேன்னா திரையைத் துடைங்க. தூசி தட்டி எத்தனை வருஷமாச்சோ."

"இது போன வருஷம் எடுத்த படம், மீசை. அதே கோப்பு. அதுக்குள்ள புதுசா மீன் எப்படி நீந்தி வரும்?"

"அப்போ போன வருஷம் நீங்க சரியா பார்க்கல. உங்களுக்கும் ஒரு பிழை வேணாமா?" சிரித்துக்கொண்டே அவர் படியிறங்கிப் போனார்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பதினொரு மணிக்கு ஒரு தங்கை தொலைபேசியில் கூப்பிடுவாள். வயது தொண்ணூற்றொன்று ஆனாலும் அவள் தங்கைதான். ஒற்றை இருக்கை விமானத்தில் கடலுக்கு மேல் போன அண்ணன் இருபத்துநான்கு வயதோடு நின்றுவிட்டான். "எங்க அண்ணன் கிடைச்சானாம்மா?" என்பாள். இன்னும் இல்லை என்றால், "பரவாயில்ல, நீ சாப்பிட்டியா?" என்பாள். கடைசி மாதங்களில் அந்தக் குரல் நூலாக இளைத்துவிட்டது. "நான் போறதுக்குள்ள..." என்று தொடங்கி, முடிக்காமலே வைத்துவிடுவாள்.

அப்போதுதான் முப்பதாம் கட்டத்தில் ஒரு விமானம் அகப்பட்டது. விமானத்தின் உடம்பில் எழுதியிருந்த எண்ணை உப்பு தின்றுவிட்டது. இஞ்சினில் மட்டும் எண் மிஞ்சியிருந்தது. அந்த அண்ணன் ஓட்டிய விமானத்தின் இஞ்சின் எண். இஞ்சின் எண்ணை மட்டும் வைத்து விமானத்தைச் சொல்லாதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். போர்க்காலத்தில் ஒன்றின் இஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அன்றாட வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு டீச்சரே வாய் வலிக்கச் சொல்லும் பாடம்தான். பழுதுபார்ப்பு ஏடு கைக்கு வர நான்கு மாதமாகும் என்றார்கள். தங்கைக்கு நான்கு வாரம்கூட இல்லை. டீச்சர் கையெழுத்துப் போட்டாள்.

எலும்புகளைப் பெட்டியில் வைத்து அண்ணன் பெயரில் அடக்கம் செய்தார்கள். தங்கை தன் நாலுகால் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள். "இவ்வளவு நேரமாடா?" என்றாள். பத்தாம் நாள் அவளும் போய்விட்டாள். அவள் கேட்டிருந்தபடி பக்கத்திலேயே புதைத்தார்கள்.

ஏடு போன வாரம் வந்தது. அண்ணன் காணாமல் போவதற்கு ஆறு நாள் முன்பே அந்த இஞ்சினைக் கழற்றி வேறு விமானத்தில் மாட்டியிருந்தார்கள். அதை ஓட்டியவனுக்கு இருபத்தொரு வயது. உறவினர் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்றிருந்தது. தங்கைக்குப் பக்கத்தில் கிடப்பது அவன்தான். அண்ணன் இன்னும் கடலில். டீச்சர் ஏட்டை மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்து, அதன் மேல் வேறு கோப்புகளை அடுக்கினாள். 

செவ்வாய்க்கிழமை பதினான்காம் கட்டம் வெறும் மணல். நிழல் பதினைந்தில் இருந்தது. புதன்கிழமை பதினேழில். வியாழக்கிழமை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நிழலுக்கு முன்னால் நான்கு சிறு புள்ளிகள், சதுரமாக. கொஞ்சம் தள்ளி இன்னும் நான்கு. ஊன்றுகோல் பதிந்த தடம். ஒன்றுமில்லை என்று டீச்சர் ஒதுக்கிய கட்டங்களில் எல்லாம், தொலைந்த தோட்டைத் தேடுகிறவள்போல, ஓர் இடம் விடாமல் குனிந்து குனிந்து போயிருந்த தடம். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை தங்கையின் மகன் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கல்லறை உள்வாங்கியிருக்கும்மா. மாமா பக்கம் நல்லாத்தான் இருக்கு. அம்மா பக்கம் மட்டும் ஒரே குழி. மண்ணை நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்பு."

டீச்சர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பைத்தியக்காரன்னு நினைக்காதீங்க. பக்கத்துல இருக்கிறது எங்க மாமாதானே?"

இப்போது சொல்லிவிடலாம். ஏடு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"உங்க மாமாதான்."

அவர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க இல்லேன்னா அம்மா நிம்மதியா கண்ணை மூடியிருக்க மாட்டாங்க."

அவர் போன பிறகு டீச்சர் திரையின் பக்கம் திரும்பினாள். இருபத்திரண்டாம் கட்டம். தடங்கள் இப்போது தேடவில்லை. கரையை நோக்கி நேராக வந்தன. இருபதில் இரண்டு நிழல்கள். கூன் நிழல் உயரமான ஒன்றின் கையைப் பிடித்திருந்தது. பதினாறில் ஐந்து. பதினொன்றில் எண்ண முடியவில்லை. எண்பது வருடம் கடலில் கிடந்தவர்களில் அண்ணன் யாரென்று தங்கைக்கு எப்படித் தெரியும்? எல்லோரையும் கூட்டிக்கொண்டாள்.

எட்டாம் கட்டம். ஐந்து. மூன்று.

முதல் கட்டம் இந்தக் கிடங்கின் தூண்களுக்கு அடியில் இருக்கும் தண்ணீர். அந்தப் படத்தைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தாள். கை திறந்தது.

கீழே தூண்களில் தண்ணீர் மோதும் சத்தம் நின்றிருந்தது.

நிழல்கள் எப்போதும் படகுக்கு எதிர்ப்பக்கம்தான் விழும். இவை அவள் இருந்த பக்கம் விழுந்தன. வரிசை வரிசையாக. தலைகள் அண்ணாந்து. எல்லோருக்கும் முன்னால் தங்கை. ஊன்றுகோலைக் கீழே போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பேர் எழுத வந்த தாய் பிள்ளையை முன்னால் தள்ளுவதுபோல, முதலில் நின்றவனின் தோள்களைப் பிடித்து டீச்சரை நோக்கித் தள்ளினாள். அவனுக்கு முகம் இல்லை. அவனுக்குப் பின்னால் நின்றவனுக்கும் இல்லை. இவன்தானா என்று டீச்சர் சொல்லட்டும் எனத் தங்கை காத்திருந்தாள்.