கார்டு பெட்டியிலிருந்து அடித்த மணி

அகலப் பாதை போட்ட நாளிலிருந்து தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு ஓடிய டீசல் ரயில்வண்டி அது. மேலே மின்கம்பி வந்ததும் அதன் காலம் முடிந்தது. உடைக்க அனுப்புமுன் உள்ளே கிடந்த குப்பையை அள்ள, அன்னத்தாய் மதியத்தில் துடைப்பத்தோடு ஏறினாள்.

அதை ஓட்டியவன் அவள் கணவன் ஜெபஸ்டின். ஒருநாள் வண்டி நகர்ந்ததும், ஏறிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி தவறி விழுந்து சக்கரத்தில் சிக்கினாள். "நான் மணி அடிக்கவே இல்லை. அவனா எடுத்துட்டான்" என்றார் கடைசிப் பெட்டியிலிருந்து மணியடித்து வண்டியைக் கிளப்பும் கார்டு ஆவுடைநாயகம். ஜெபஸ்டினுக்கு வேலை போயிற்று. "கெளம்பச் சொல்லி ரெண்டு மணி கேட்டுது அன்னம்" என்று புலம்பிப் புலம்பியே நெஞ்சடைத்துச் செத்தான். அவள்கூட அவனை முழுசாக நம்பவில்லை.

பிறகு அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் ஆவுடைநாயகம்தான். கூடப் பிறந்த அண்ணனாகவே அவரை நினைத்திருந்தாள்.

மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் இருள் கவிந்தது. ஓட்டுநர் அறையைத் திறந்தாள். எண்ணெய் நாற்றத்தின் நடுவே ஒரு வியர்வை வாடை. தெரிந்த வாடை.

இருக்கையைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

பின்னாலேயே ஆவுடைநாயகம் ஏறி வந்தார். "என்ன தங்கச்சி, பேயறைஞ்சாப்ல நிக்கே? மழை வருது, எறங்கு."

டிங்.

டிங்.

கடைசிப் பெட்டியில் யாராவது பொத்தானை அழுத்தினால்தான் ஓட்டுநர் அறையில் அந்த மணி அடிக்கும். அங்கே யாருமில்லை. பேட்டரியைக் கழற்றியே மாதக்கணக்காகிறது.

மறுபடியும் இரண்டு.

ஆவுடைநாயகத்தின் உதடு வெளுத்தது. காலி இருக்கையைப் பார்த்துக் குசுகுசுத்தார்.

"போதும்லே ஜெபஸ்டின்... பாக்காம அடிச்சுட்டேம்லே. என் வேலை போனா என்ன செய்வேன், எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ள இருந்துதுல்லா..."

அன்னத்தாய் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி," என்றாள் பைய. "அவியள அடக்கம் பண்ணுன அன்னிக்கு என் தலையத் தடவி என்ன சொன்னிய? 'அவன மன்னிச்சிரு தங்கச்சி'ன்னுல்லா சொன்னிய?"

அவர் இறங்கி, மழைக்குள் ஓடினார். அவள் அந்தச் சூட்டின்மேல் முகத்தை வைத்து, அது ஆறும்வரை அழுதாள்.

மறுநாள் ஓர் எஞ்சின் வந்து வண்டியை இழுத்துப் போயிற்று. வெறும் தண்டவாளத்தருகே அன்னத்தாய் குனிந்து பார்த்தாள். ஜல்லிமேல் கறுத்த எண்ணெய் இன்னும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். மேலே மின்கம்பியும் ஆகாயமும் மட்டுமே.