எஞ்ஜின் மாறிய பிறகு

ரயில் துனி ஸ்டேஷனைத் தாண்டியதும் பார்வதீசம் அலறினார். பையில் இருந்த தங்கச் சங்கிலியைக் காணோம். நாளை ஸ்ரீகாகுளத்தில் மகளுக்குக் கல்யாணம்.

அவர் கை கழுவப் போயிருந்தபோது அவர் சீட்டருகே இருந்தவர்கள் இரண்டே பேர். ஜன்னலோரம் வெள்ளைத் தடியுடன் கண் தெரியாத கூர்மாராவ். பக்கத்தில், முந்திரிக் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய நரசம்மா.

அலறல் கேட்டு வந்த ரயில்வே போலீஸ் எஸ்.ஐ. சத்தியவதி யோசிக்கவே இல்லை.

"ஏய், கூடையக் கொட்டு."

முந்திரி பெட்டியெங்கும் உருண்டது. அத்தனை பேர் முன்னால் முந்தானை முடிச்சையும் அவிழ்க்கச் சொன்னாள். ஒன்றுமில்லை.

"துனியில கூட்டாளி கையில குடுத்திருப்பா," என்றார் பார்வதீசம். பெட்டியே தலையாட்டியது.

"அம்மா, நான் வருசக்கணக்கா இந்த லைன்ல..."

"ஸ்ரீகாகுளம் வரட்டும். ஸ்டேஷன்ல பேசு."

சத்தியவதி கூர்மாராவுக்கு எதிரே உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டாள். "உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா பாபு?"

"கூடை உரசுன சத்தம்தாம்மா. பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ."

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவர் கண்மணிகள் ஓயாமல் துடித்தன. மெல்ல நழுவும், வெடுக்கென்று சத்தியவதி பக்கம் தாவும். பார்வை இல்லாத சிலருக்கு அப்படித் துடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். பாவமாக இருந்தது.

விசாகப்பட்டினத்தில் எஞ்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டினார்கள். இனி ரயிலின் வால்பக்கம் முன்னால் போகும். முதுகு காட்டிப் போனால் தலை சுற்றுமென்று கூர்மாராவ் வரிசையில் இருந்த மற்றவர்கள் வழக்கம்போல எழுந்து சத்தியவதி இருந்த எதிர் சீட்டுக்கு மாறினார்கள்.

"நீங்க மாறலையா பாபு?"

"எந்தப் பக்கம் போனா என்னம்மா? எனக்கு எல்லாம் இருட்டுதான்."

ரயில் வேகமெடுத்தது. சத்தியவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கண்கள் இப்போது அவள் பக்கம் நழுவி, எதிர்ப்பக்கம் தாவின.

எழுந்து ஜன்னல் ஷட்டரை இறக்கினாள். துடிப்பு நின்றது. ஏற்றினாள். மறுபடி துடித்தது.

நோயாக இருந்தால், எஞ்ஜினை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறார்கள் என்று அதற்கெப்படித் தெரியும்?

"தடியக் குடுங்க."

உள்ளே குழாயாக இருந்த தடியின் அடி ரப்பரைப் பிடுங்கினாள். சங்கிலி சரசரவென்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"ஓடுற மரத்துப் பின்னாடி கண்ணு தானா போகும். எட்டாத தூரம் போனதும் தாவி அடுத்த மரத்தப் பிடிக்கும். பாக்கிறவன் நெனச்சாலும் அத நிறுத்துறது கஷ்டம். உங்க இருட்டுல மரமெல்லாம் ஓடுது பாபு."

கூர்மாராவ் சட்டென்று கண்களை மூடிக்கொண்டார்.

பார்வதீசம் அவளை நோக்கி நன்றியோடு கைகூப்பினார். சத்தியவதிக்கு அது தீயாய்ச் சுட்டது. தடியைப் பார்த்ததும் ஒருவனுக்கு 'பாபு', கூடையைப் பார்த்ததும் ஒருத்திக்கு 'ஏய்'. சீட்டுக்கு அடியில் மண்டியிட்டு, மிதிபட்ட முந்திரியைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"நீங்க ஒருத்தர்தான் மன்னிப்புக் கேக்குறீங்கம்மா," என்றாள் நரசம்மா. "கூடையக் கொட்டுனப்போ பெட்டியே என்னைப் பாத்துச்சு. இப்பப் பாருங்க, எல்லாரும் ஜன்னல்ல மரத்தப் பாக்குறாங்க."