வேங்கைக்கோட்டையின் நீர்விளக்குகள்

கதிரவன் மேற்றிசை மலைகளுக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருந்த அந்த வேளையில், வேங்கைக்கோட்டையின் நெடிய நிழல் கருமணியாற்றின் அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து, எதிர்க்கரையில் வரிசை வரிசையாய் அடிக்கப்பட்டிருந்த பகைவரின் கூடாரங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூடாரங்களுக்கு மேலே, புளியிட்டுத் துலக்கிய செப்புத் தட்டுபோல் முழுமதி எழுந்தது. நாணற்புதர்களில் நாரைகள் அடங்கின. மருதமரங்கள் கிளை தாழ்த்தி நின்ற பெரிய படித்துறையில் மட்டும் அன்று ஒரு பந்தமும் கொளுத்தப்படவில்லை. ஏனெனில் அது நீர்விளக்கு நாள்.

வாசக நண்பர்களே! நீர்விளக்கு என்னும் அந்த வழக்கத்தைச் சொல்லிவிட்டே கதைக்குள் போக வேண்டும். போரோ, புதிய ஆணையோ, ஊரைப் புரட்டிப் போடும் வேறெந்தக் காரியமோ செய்ய நினைத்தால், வேங்கைக்கோட்டை மன்னர்கள் காலையில் முரசறைந்து அதை அறிவிப்பார்கள். சம்மதிக்கிற வீட்டார் மாலையில் ஒரு விளக்கைக் கொண்டுவந்து ஆற்றில் மிதக்கவிடுவார்கள்; சம்மதிக்காதவர்கள் விளக்கை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். வருகிறவர் யாராயினும் சாயமேற்றாத வெள்ளைத் துணியால் முக்காடிட்டு வர வேண்டும். படித்துறையில் வாய்விட்டுப் பேசக் கூடாது. முக்காடிட்டவரை யாரென்று கேட்பது பெரும் பழி. காவலன் ஆற்றுக்கு முதுகு காட்டியே நிற்பான். திரும்பினாலோ, விட்டவர் இன்னாரென்று வாய் திறந்தாலோ அவன் தலை தப்பாது. மன்னர் கரையோரத்து நீர்மாடத்தில் அமர்ந்து, மிதந்து போகும் விளக்குகளைப் பார்ப்பார். ஆறு நிறைந்திருந்தால் சங்கு முழங்கும். முழங்கிய பின் மன்னரே நினைத்தாலும் அந்த ஆணை மாறாது.

எவ்வளவு நேர்மையான ஏற்பாடு என்று வியக்கிறீர்களா? நானும் ஒரு காலத்தில் வியந்தவன்தான். அன்று மாலை நடந்ததை அறிந்த பிறகு, அந்த வியப்பை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்று காலை முரசறையப்பட்ட செய்தி இதுதான். கோட்டைக்குள் கீழ்க்கரைத் தெரு என்று ஒரு தெரு இருந்தது. எதிர்க்கரை அரசனின் கொடுமைக்கு அஞ்சி, பாட்டன் காலத்திலேயே ஆறு கடந்து ஓடிவந்து, செக்காட்டிப் பிழைத்தவர்களின் தெரு அது. அந்தத் தெருவையே காலி செய்து, அத்தனை பேரையும் படகில் ஏற்றி எதிர்க்கரையில் இறக்கிவிட வேண்டும் என்பது மந்திரி விழுப்பரையரின் ஆலோசனை. ஓடிப்போனவர்களின் வாரிசுகளைப் பகைவன் என்ன செய்வான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"வேந்தே! மதிலுக்கு வெளியே நிற்கும் பகைவனை எண்ணி நான் அஞ்சவில்லை. மதிலுக்குள்ளே அவன் நாட்டுத் தாலாட்டைப் பாடுகிறவர்களை எண்ணியே அஞ்சுகிறேன். குற்றம் செய்தபின் தண்டிப்பது நீதி, செய்யுமுன் தடுப்பதே காவல்" என்று சபையில் அவர் முழங்கியபோது, மன்னர் நெடுங்கண்டர் தாடியை நீவியபடி யோசித்தார். யோசித்து, ஊரைக் கேட்போம் என்றார்.

இப்போது அந்தப் படித்துறையை நோக்கி, கடைவீதி வழியாக முக்காடிட்ட ஒரு பெண் நடந்து வருகிறாள். அவள் விழுப்பரையரின் ஒரே மகள் இளநங்கை. "நம் வீட்டு விளக்கு முதலில் போக வேண்டும், மகளே. நான் வேந்தர் அருகில் இருக்க வேண்டும், நீ கொண்டுபோய் விடு" என்று தந்தை கையில் கொடுத்த விளக்கு அவள் முந்தானைக்குள் இருந்தது. முதலில் போக வேண்டிய விளக்கு. ஆனால் அவளுடைய கால்கள் தயங்கித் தயங்கி, அந்தியே சாய்ந்துவிட்டது.

பூக்கடையருகே நாலைந்து பேர் கூடியிருந்தார்கள்.

"மந்திரி சொல்றதுல என்ன தப்பு? போன மாசம் வடக்கு மதில்ல ஏணி சாத்தினானே, உள்ளேயிருந்து எவனும் வழி காட்டாமலா சாத்தினான்?" என்றான் ஒருவன்.

"காட்டினவன் கீழ்க்கரைத் தெருக்காரன்தான்னு நீ பாத்தியா?" என்று கேட்டாள் பூக்காரி.

"பாக்கல. எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? நீயும் நானுந்தானே! அந்த மந்திரி வீட்லயும் ஒரு பொண்ணு இருக்குதாம். இத்தனை பேர் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கிட்டு அந்த வீட்ல எப்படித்தான் சோறு இறங்குதோ!"

"அவ்வளவு கோபம்னா நேரே சபையில போய்ச் சொல்லேன்."

பூக்காரியின் குரல் சட்டென்று தணிந்தது. "நான் எதுக்கு வம்புல மாட்டிக்கணும்? விளக்கு விடாம வீட்ல கிடந்தா ராசாவுக்கே புரிஞ்சுட்டுப் போவுது."

இளநங்கைக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. முக்காட்டை இன்னும் தாழ இழுத்துவிட்டுக்கொண்டாள். தெருவின் இருபுறமும் ஒவ்வொரு வீடாகக் கதவடைந்துகொண்டிருந்தது. கதவிடுக்குகளில் வீட்டு விளக்கின் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. ஆற்றுக்குப் போகிறவர்கள் இந்தத் தெருக்களில் ஒருவரும் இல்லையே என்று அவளுக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. அப்பாவின் சொல் தோற்கப் போகிறது, தோற்றால் நல்லது.

ஆனால் படித்துறையில் இறங்கியவள் திகைத்து நின்றுவிட்டாள். கருமணியாறு கரைகொள்ளாமல் விளக்குகளாய் ஓடிக்கொண்டிருந்தது!

மருதமர நிழலில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வேலூன்றி நின்றான் நீர்வாசல் காவல் தலைவன் அரிகண்டன். போர் முடிந்ததும் விழுப்பரையரிடம் பெண் கேட்கப் போவதாக இளநங்கைக்கு வாக்களித்திருந்தவன் அவன்தான். கடைசிப் படியில் ஒரு பெண் விளக்கும் கையுமாய் வெகுநேரம் நிற்பதை, பாதச் சலங்கையின் மெல்லிய ஒலியால் அறிந்தான். திரும்பாமலே தணிந்த குரலில் சொன்னான்:

"தயங்காதே, அம்மா. உங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று போதாதென்று ஆளுக்கொன்றாய் எல்லோரும் விட்டாயிற்று. நீ மட்டும் விடாவிட்டால் அதுவே சந்தேகமாகிவிடும்."

"எந்தத் தெருவில்?" என்று கிசுகிசுத்தாள் இளநங்கை.

"கேட்கவா வேண்டும்? ஊரின் மற்றத் தெருக்களெல்லாம் கதவடைத்துக் கிடக்கின்றன; இன்று உங்கள் கீழ்க்கரைத் தெருவைத் தவிர வேறு யார் வந்தார்கள்? விசுவாசிகள் என்று காட்டிக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று உங்களுக்கு நம்பிக்கை. உங்களை விரட்டும் ஆணைக்கு நீங்களே விளக்கு விடுகிறீர்கள். நான் நகைக்கவில்லை, அம்மா. என்னைப் பெற்றவளும் அந்தத் தெருக்காரிதான். இந்த ஊரில் அது ஒருவருக்கும் தெரியாது. சற்று முன் அவளும் வந்து ஒரு விளக்கு விட்டாள். அவளைத் தடுக்க எனக்கு நா எழவில்லை. காவல் பதவி போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் ஒரு பெண்ணுக்கு வாக்களித்திருக்கிறேன். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

காதலியின் குரல்கூடத் தெரியாத காதலனா என்று நீங்கள் கேலி செய்வது கேட்கிறது. கிசுகிசுப்பில் எல்லாக் குரலும் ஒன்றுதான், நண்பர்களே. அதிலும் ஒருவன் வெட்கத்தில் மூழ்கியிருக்கும்போது தன் குரலைத் தவிர வேறெதுவும் அவனுக்குக் கேட்பதில்லை.

இளநங்கை படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் முகத்தில் விழிக்க வெட்கப்பட வேண்டியவள் அல்லவா அவள்! மேலே நீர்மாடத்தில் சங்கூதி எழுந்து நிற்பது நிலவொளியில் தெரிந்தது. இன்னும் சில கணங்கள்தாம். உண்மையை ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் "உனக்கு யார் சொன்னது?" என்ற கேள்வி வரும், அரிகண்டனின் தலை உருளும். சொல்லாவிட்டால் ஒரு தெருவே பகைவனின் வாளுக்குப் போகும்.

அப்போது ஆற்றங்காற்று திரும்பி வீசியது. கூடவே ஒரு வாடை வந்தது. கனத்த, கசந்த, இனிப்பும் கலந்த வாடை. இலுப்பை எண்ணெய்! ஊரார் எரிப்பது நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும். இலுப்பை எண்ணெய் எரிப்பவர்கள் கீழ்க்கரைத் தெருக்காரர்கள் மட்டுமே. பழைய மண்ணின் பழக்கம் அது. அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் ஊரார் மூக்கைப் பிடித்துக் கேலி செய்வார்கள். சிறு வயதில் அவளும் பல்லக்குத் திரைக்குள்ளிருந்து மூக்கைப் பிடித்துச் சிரித்தவள்தான்.

அவள் ஆற்றில் பாய்ந்தாள். இடுப்பளவு நீரில் தத்தளித்து, நாணலில் சிக்கி நின்ற விளக்குகளை ஒவ்வொன்றாய் அள்ளி மடியில் சேர்த்தாள். சுடர்கள் அவிந்தன. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி, சுழலொன்று அவளை இழுத்தது. திரும்பக் கூடாதவன் திரும்பினான். வேலை எறிந்துவிட்டுக் குதித்து, முக்காட்டோடு அவளைத் தூக்கிப் படியில் நிறுத்தினான். நன்றி சொல்லக்கூட நில்லாமல், நீர் சொட்டச் சொட்ட அவள் நீர்மாடத்துக்கு ஓடினாள்.

"சங்கை நிறுத்துங்கள், வேந்தே!"

நீர்விளக்கு நாளில் அந்தத் துறையில் ஒரு குரல் உரக்க எழுந்தது அதுவே முதல் தடவை. அடைத்த கதவுகள் திறந்தன. பூக்காரியும் மற்றவர்களும் ஓடிவந்து கரைமேல் கூடினார்கள்.

"முக்காடிட்டவர் பேசலாகாது!" என்று சீறினார் விழுப்பரையர். "காவலனே, நீ திரும்பியதும் குற்றம்!"

"உயிரைக் காத்தவனை அப்புறம் விசாரிப்போம், மந்திரியாரே" என்றார் மன்னர். "பெண்ணே, சொல்."

"நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், வேந்தே. தாங்கள் முகர்ந்து பார்த்தால் போதும்."

மன்னர் ஒரு விளக்கை எடுத்து முகர்ந்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதையும் முகர்ந்தபோது அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"எல்லாம் இலுப்பை! இவை கீழ்க்கரைத் தெருவின் விளக்குகளா? அப்படியானால் என் ஊரார் எங்கே போனார்கள்?"

கூட்டம் தலைகுனிந்தது. பூக்காரிதான் மெல்ல வாய் திறந்தாள்: "எங்களுக்கு இஷ்டமில்லீங்க, ராசா. அதான் வீட்லயே இருந்துட்டோம். பயந்துபோயி அதுங்களே வந்து விளக்கு விடும்னு எங்களுக்குத் தோணலையே! நாலு வார்த்தை வந்து சொல்லியிருக்கணும். வெக்கமா இருக்குது, சாமி."

"பார்த்தீர்களா, வேந்தே!" விழுப்பரையரின் குரல் உயர்ந்தது. "நான் எச்சரித்தது இதைத்தான். மனத்தில் ஒன்றை வைத்து ஆற்றில் ஒன்றை விட்டிருக்கிறார்கள். பொய் விளக்கு விட்டவர்களை நம்பி வாசலைத் திறந்து வைப்பதா? இதோ, இந்தக் கீழ்க்கரையாள் தன் தெருவுக்காக எவ்வளவு தந்திரமாய் வாதாடுகிறாள், பாருங்கள்! இப்படிப்பட்டவர்களை…"

அந்தப் பெண் முக்காட்டை விலக்கினாள்.

நிலவு அவள் முகத்தில் நேராக விழுந்தது. கீழ்ப்படியில் நின்ற அரிகண்டன், சற்று முன் யாரிடம் மனத்தைக் கொட்டினோம் என்பதை உணர்ந்து, ஈரக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் கீழ்க்கரையாள் அல்லேன், வேந்தே. விழுப்பரையரின் மகள் இளநங்கை." மடியின் அடியிலிருந்து அன்னப்பறவை பொறித்த ஒரு வெண்கல விளக்கை எடுத்தாள். அதன் திரி கருகாமல் புதிதாய் இருந்தது. "அப்பா, இது நம் வீட்டு விளக்கு. முதலில் போக வேண்டும் என்று என் கையில் தந்தீர்கள். என்னால் ஏற்ற முடியவில்லை. இன்று வீதியில் நடந்தபோது உங்கள் மகள் என்று யாருக்கும் தெரியக் கூடாதே என்று முக்காட்டை இழுத்து இழுத்து மூடினேன். அப்படி மூடியதற்காக இப்போது அதைவிட வெட்கப்படுகிறேன். அவர்களை எதிர்க்கரைக்கு அனுப்பும் முதல் படகில் நானும் ஏறுவேன். இந்த ஆற்றின்மேல் ஆணை. அவர்களை அனுப்ப வேண்டாமென்றால் சொல்லுங்கள். வேண்டுமென்றால் இந்த விளக்கை நீங்களே ஏற்றுங்கள்."

சேவகன் ஒருவன் பந்தத்தைக் கொண்டுவந்து மந்திரியின் அருகில் நீட்டினான். விளக்கை அவர் வாங்கிக்கொண்டார். ஈரமாய் நிற்கும் மகளையும், அவள் மடியில் அவிந்து கிடந்த இலுப்பை விளக்குகளையும் விழுப்பரையர் மாறி மாறிப் பார்த்தார். பந்தம் எரிந்துகொண்டே இருந்தது. அவர் விளக்கை ஏற்றவில்லை. கல்லின்மேல் மெதுவாக வைத்தார்.

மன்னர் சங்கூதியைப் பார்த்துக் கையசைத்தார். சங்கு உறைக்குள் போயிற்று. காவலன் திரும்பிய குற்றமும் அதோடு மன்னிக்கப்பட்டது.

இளநங்கை படியிறங்கி அரிகண்டன் அருகில் போய் நின்றாள். "கையை எடுங்கள்" என்றாள் மெல்ல. "உங்கள் தாயாரிடம் என்னை இப்போதே அழைத்துப் போங்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

ஆணை நின்றுபோன செய்தி கீழ்க்கரைத் தெருவை நோக்கி ஓடியது. கூட்டமும் அதன் பின்னே நகர்ந்தது. விழுப்பரையர் மட்டும் வெகுநேரம் நின்றார். பிறகு தோளில் கிடந்த வெண்பட்டு உத்தரீயத்தை எடுத்து, தலைமேல் போட்டு, முகம் மறைய இழுத்துக்கொண்டு படிகளில் இறங்கினார். எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். முக்காடிட்டவரை யாரென்று கேட்பது அந்த ஊர் வழக்கமல்ல. ஒருவரும் கேட்கவில்லை.