நனைந்த ஒன்பது படிவங்கள்

வெள்ளிக்கிழமை, காலை 9.40.

"என் பையனுக்கு வலிப்பு வரும்ங்கறது எங்க மாமியாருக்கே தெரியாது. போன்ல எவனோ ஒருத்தன் சொல்றான்!"

அந்தத் தாய் மேசையைத் தட்டிய தட்டில் பேனாக்கூடு கவிழ்ந்தது. அரசுப் பள்ளியின் அலுவலக அறையில் நிற்கவும் இடமில்லை. முந்தின நாள் முழுக்க ஒரு டியூஷன் சென்டரிலிருந்து ஆறாம் வகுப்புப் பெற்றோருக்குப் போன் மேல் போன். பிள்ளையின் பெயர், வீட்டு விலாசம், என்ன நோய், என்ன மாத்திரை, எல்லாம் புட்டுப் புட்டு வைத்திருக்கிறார்கள். அத்தனையும் பள்ளியில் கொடுத்த உடல்நலப் படிவத்தில் பெற்றோர் தம் கைப்பட எழுதியவை.

படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் கிளார்க்கம்மா. பாஸ்வேர்டு தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். அப்புறம் என்ன விசாரணை? பன்னிரண்டு மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார், சஸ்பெண்ட் உத்தரவோடு. பதினெட்டு வருட வேலை! கிளார்க்கம்மா அழுதுகொண்டே கவிழ்ந்த பேனாக்களைப் பொறுக்கினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு காக்கிச் சட்டை உள்ளே வந்தது. பஸ் கண்டக்டர், பெற்றோர் குழுச் செயலாளர். ஊருக்கே அவள் விசில் அக்கா.

"எப்பவும் போல லேட்டு" என்றார் ஒரு அப்பா.

"பஸ்ஸை நடு ரோட்டுல விட்டுட்டு வரச் சொல்றீங்களா? சரி, யார் யாருக்குப் போன் வரல?"

எல்லோரும் முழித்தார்கள். "வந்தவங்களைக் கேளுக்கா!"

"டிக்கெட் எடுத்தவனை நான் எதுக்குப் பார்க்கணும்? எடுக்காதவனைத்தான் தேடுவேன். எனக்குப் போன் வரல. வேற யாருக்கு வரல, சொல்லுங்க."

வராதவர்களின் வீடுகளுக்கும் போன் போட்டுக் கேட்டாள். 11.25க்குக் கணக்கு முடிந்தது. வகுப்பில் நாற்பத்தோரு பிள்ளைகள். முப்பத்திரண்டு வீட்டுக்குப் போன் வந்திருந்தது. ஒன்பது வீட்டுக்கு வரவில்லை.

மேலே தகரத்தில் டங்கென்று சத்தம். இரண்டு பேர் கூரையில் ஏறி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"கூரை மாத்தப் போறாங்கம்மா. மேலிடத்துல அனுமதி வந்தாச்சு" என்றார் தலைமையாசிரியர்.

விசில் அக்கா அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கூரைக்காக அவள் கொடுத்த மனுக்கள் ஏழு. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. கிளார்க்கம்மா பக்கம் திரும்பினாள்.

"படிவத்தை எப்ப கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்க?"

"திங்கக்கிழமை சாயங்காலம். நாப்பத்தொண்ணையும் ஏத்திட்டேன் அக்கா."

"அன்னிக்கு வெளியாள் யாராவது?"

"அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போட்டோக்காரர் வந்தார். ரெக்கார்டு ரூம்ல படிவக் கட்டு பக்கத்துலயே ஒரு மணி நேரம் தனியா இருந்தார்."

"அவன்தான்!" என்று ஒரு குரல்.

"இருங்கப்பா. செவ்வாய்க்கிழமை?"

"மத்தியானம் மழை. ரூம் ஒழுகி, கட்டுல மேலாக இருந்த தாளெல்லாம் மை கரைஞ்சு போச்சு. பெஞ்சுல பரப்பிக் காயவச்சேன். சாயங்காலம் பெரிய சார் வாங்கித் தன் பீரோவுல வச்சுப் பூட்டிட்டார்" என்று தலைமையாசிரியரைக் காட்டினார்.

"மேலாக இருந்தது யாரோடது?"

கிளார்க்கம்மா தயங்கினார். "கடைசியாக் கொடுத்தவங்களோடது. கோவிச்சுக்காதீங்க... உங்களோடதுதான் எல்லாத்துக்கும் மேல."

விசில் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "நான் லேட்டா வந்ததுக்கு முதல் தடவையா ஒரு புண்ணியம்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். கூரையில் இருந்தவர்களோடு ஏதோ பேசினாள். 11.45க்குத் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"பெரிய சார், பீரோவைத் திறங்க."

கட்டு வந்தது. மேலே ஒன்பது தாள்கள், வெறும் நீலக் கறை. பத்தாவது தாளிலிருந்து எழுத்து தெளிவு; அந்த முப்பத்திரண்டும் போன் வந்த வீடுகள்.

"போன் வராத ஒன்பது வீடும் இதுதான். கிளார்க்கம்மா கொடுத்திருந்தா கம்ப்யூட்டர்ல இருக்கிற முழுப் பட்டியலைக் கொடுத்திருப்பாங்க. போட்டோக்காரர் வந்தது மழைக்கு முந்தின நாள். அவர் பார்த்ததும் நாப்பத்தொண்ணுதான். இந்த ஒன்பதும் விட்டுப்போச்சுன்னா, மழைக்கு அப்புறம் இந்தத் தாளைப் பார்த்துத்தான் எடுத்திருக்காங்க. அப்புறம் சாவி யார்கிட்ட இருந்தது?"

எல்லோர் பார்வையும் தலைமையாசிரியர் பக்கம் திரும்பியது.

"மேல அளக்கிறவங்களை அனுப்பினது யாருன்னு கேட்டேன் சார். டியூஷன் சென்டர்னு சொல்றாங்க."

தலைமையாசிரியர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நீங்க ஏழு மனு போட்டீங்க. நான் பதினொண்ணு போட்டேன்மா. புள்ளைங்க குடை பிடிச்சுக்கிட்டு பரீட்சை எழுதுதுங்க. அவங்க கூரை போட்டுத் தர்றேன்னாங்க. போன் நம்பர்தானே கேக்கறாங்கன்னு கட்டைப் போட்டோ எடுக்க விட்டுட்டேன்."

"கூரைக்காகப் பண்ணீங்க, புரியுது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும். இந்தம்மா அழுதுக்கிட்டு நின்னப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே சார், அதைத்தான் பொறுக்க முடியல."

அவர் பீரோச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "அதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார்.

12.05. அதிகாரி வந்தார், கேட்டார், சஸ்பெண்ட் உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிளார்க்கம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கல்லூரிப் படிப்பு இல்லை, போலீஸ் இல்லை. தோளில் ஒரு பையும் விசிலுமாக ஒருத்தி இரண்டு மணி நேரத்தில் தன் வாழ்க்கையை மீட்டுக் கொடுத்துவிட்டாளே! கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

விசில் அக்காவோ அதிகாரியை விடுவதாக இல்லை. எட்டாவது மனுவை அங்கேயே எழுதி நீட்டினாள். டியூஷன் சென்டரிடமிருந்து பிள்ளைகளின் விவரத்தைப் பிடுங்கி அழிக்க வேண்டும். கூரையை அரசே போட வேண்டும்.

"கூரை அவ்வளவு மோசம்னு அத்தாட்சி ஏதாவது இருக்காம்மா?" என்றார் அதிகாரி, மாமூல் குரலில்.

கட்டின் மேல்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவள் மகளின் படிவம். நான்கு மூலையும் சுருங்கி, ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் கரைந்து போயிருந்தது.

"இதைத் தாராளமா வச்சுக்குங்க சார், யாருகிட்ட வேணும்னாலும் காட்டுங்க. இதுல என் பொண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்க கூரையைப் பத்தி எல்லாம் தெரியும்."